ஆடியில் எரிந்த பெட்டி

"இந்த டேப்புல ஒரு ஃபைலக்கூடப் படிக்க முடியலைங்க," என்றார் சர்வீஸ் என்ஜினியர் சென்னகிருஷ்ணன்.

காலையிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் அதே வரிதான். படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று கேட்டது. மறுபடி, மறுபடி என்று தட்டித் தட்டி கோமளாவுக்கு விரலே மரத்துப்போயிருந்தது.

சிங்காநல்லூரில் அந்த நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாள் முதல் அவள்தான் ஆபரேட்டர். வைகாசியில் கம்ப்யூட்டரில் இடம் பத்தாமல், போன வருஷக் கணக்கு முழுவதையும் டேப்பில் ஏற்றினாள். ஏறியது சரிதானா என்று ஒவ்வொரு ஃபைலாக ஒப்பிட்டும் பார்த்தாள். அதன் பிறகுதான் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தாள். பிரிண்ட் எடுத்து வைக்கலாமா என்று கேட்டதற்கு, பேப்பர் தண்டம் என்று சொல்லிவிட்டார் மேனேஜர் ஆறுச்சாமி.

நாளைக் காலையில் வரி ஆபீஸர் வருகிறார். அவருக்கு வேண்டியது அந்தப் போன வருஷக் கணக்குதான்.

"செக் பண்ணாமயே பண்ணிட்டேன்னு சொல்லியிருக்குதுங்க இந்த அம்மணி," என்று முதலாளி கண்ணையாவிடம் ஓதினார் ஆறுச்சாமி.

கண்ணையா சத்தம் போடும் ஆள் இல்லை. போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது கோமளாவுக்கு. "கணக்கு வரலைன்னா நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க, அம்மணி," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

இந்தச் சம்பளத்தை நம்பித்தான் தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருந்தாள். அதைவிட, பொய் சொன்னவள் என்ற பெயரோடு வெளியே போவதை அவளால் தாங்க முடியவில்லை. போன வாரம் ஆயுத பூஜைக்கு அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் மானிட்டரின் நெற்றியில் இன்னும் இருந்தன. வேறு சாமி பக்கத்தில் இல்லாததால் அந்தப் பொட்டையே பார்த்து வேண்டிக்கொண்டாள். பூஜைக்கு மறுநாள் ஆறுச்சாமி கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்த பொரிப் பொட்டலம் அவள் மேஜையில் பிரிக்காமல் கிடந்தது. அவர் மகன் சபரீஷ் ஆவணியில்தான் சோமனூரில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தான். அங்கே போட்ட பூஜையின் பொரி அது.

சென்னகிருஷ்ணன் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப்பை ஓட்டும் இந்தப் பெட்டியில்தான் இதைப் பதிந்தீர்களா என்று கேட்டார்.

இல்லை, பழைய பெட்டியில் என்றாள் கோமளா. அவள் லீவில் இருந்தபோது, ஆடியில் அது எரிந்துபோனதாகவும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டதாகவும் சொல்லி, இந்தப் புதுப் பெட்டியை வாங்கி வைத்தவர் ஆறுச்சாமி.

"அப்ப இவங்க மேல தப்பு இல்லீங்க," என்றார் சென்னகிருஷ்ணன். "பழைய பெட்டியோட எழுதற முனை கோணியிருக்கும். கோணலா எழுதி, கோணலாவே படிச்சிருக்கும். அதனால ஒப்பிட்டுப் பார்த்தப்ப சரியாத்தான் காட்டியிருக்கும். டாக்டர் கிறுக்குறது அவரு கம்பவுண்டருக்கு மட்டும் புரியறாப்பல. அந்தப் பெட்டி கெடைச்சாத்தான் இதைப் படிக்க முடியும். எரிஞ்சிருந்தாலும் பரவால்லைங்க, சரி பண்ணிப் பார்க்கறேன்."

கோமளாவுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதி பழைய இரும்புக் கடையில் கிடந்தது.

இந்நேரம் அதை உடைத்து உருக்கியிருப்பார்கள், தேடுவது வீண் என்றார் ஆறுச்சாமி.

"கெடைக்காட்டி ஆபீஸர் முன்னால நீங்கதான் நிக்கோணும்ங்க. கணக்குல கையெழுத்து உங்களுது," என்றார் கண்ணையா.

ஆறுச்சாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, தானே உக்கடம் போய் இரும்புக் கடை கடையாகப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். அடையாளம் காட்டக் கூட வரட்டுமா என்று கேட்ட கோமளாவை வேண்டாம் என்று வெடுக்கென்று தடுத்துவிட்டுப் போனார்.

நேரம் நகரவே இல்லை. கோமளா டீயைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டாள். ஷிப்ட் மாறும் சங்கு ஊதியபோது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஆறுச்சாமி சாக்கில் சுற்றிய ஒரு பெட்டியோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

அதேதான். சென்னகிருஷ்ணன் பற்றவைக்கும் கருவியையெல்லாம் பரப்பிக்கொண்டு தயாராக இருந்தார். எதற்கும் வேலை வரவில்லை. ஒயரைச் சொருகியதும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. டேப் சுற்றத் தொடங்கியது. ஃபைல்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின, ஒரு தடங்கல்கூட இல்லை. கோமளா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

உக்கடத்தையே சலித்து எடுத்துவிட்டீர்கள் என்று கண்ணையா ஆறுச்சாமியைப் பாராட்டினார். எல்லாம் மில்லுக்காகத்தான் என்று ஆறுச்சாமி பணிவாகத் தலையைக் குனிந்தார். மனசு நிறைந்துபோன கண்ணையா பெட்டியை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். விரலெல்லாம் சிவப்பாக இருந்தது.

விரலைப் பார்த்தார். குனிந்து பெட்டியின் நெற்றியைப் பார்த்தார்.

"ஏனுங்க ஆறுச்சாமி, ஆடியில எரிஞ்சு கடைக்குப் போன பெட்டிக்குப் போன வாரம் பூஜை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சது யாருங்க?"

கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் கிடந்த சோமனூர்ப் பொரிப் பொட்டலத்தை எடுத்து முதலாளியின் பக்கம் மெதுவாக நகர்த்தி வைத்தாள்.