முதல் வரிசை

"யாரு சார் இந்தப் புண்ணியவான்? வீடியோ அழைப்பைத் தூக்கி நெட்வொர்க்கோட முதல் வரிசையில வெச்சவர்?"

மருத்துவமனையின் நெட்வொர்க்கைச் சோதிக்க வெளியிலிருந்து வந்திருந்த பொறியாளர் அவள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவன்தான் அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன். விடுப்பு முடிந்து நேற்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான்.

"நான்தான் மேடம்."

அவள் திரும்பினாள். "நீங்களா! பழைய கட்டடத்துக்குப் போற லைன் எவ்வளவு சின்னதுன்னு தெரியுமில்ல? முதல் வரிசை காலியானாத்தான் நெட்வொர்க் ஸ்விட்ச் அடுத்த வரிசைக்கே வழி விடும். அதுக்கு ஒரு அளவு வைக்கணும்னு படிக்கிற பசங்களுக்குக்கூடத் தெரியும்."

"வைக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டாராம்!" திரையில் ஓர் எண்ணைத் தட்டிக் காட்டினாள். "பன்னெண்டாம் தேதி, சாயங்காலம் அஞ்சேகால். பார்வையாளர் நேரம் முடிஞ்சதும் வார்டு மொத்தமும் வீட்டோட வீடியோல பேச ஆரம்பிக்குது. இடம் பத்தாம நாலாயிரம் டேட்டா பாக்கெட்டை ஸ்விட்ச் கீழ போட்டிருக்கு. அதுல ஒம்பதாம் கட்டிலோட இதய மானிட்டர் அலாரமும் போச்சு. தூக்கம் கெடக்கூடாதுன்னு கட்டில் பக்கம் சத்தத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க. மணி நர்ஸ் மேசையிலதான் அடிக்கணும். அடிக்கல."

அவன் தலையாட்டினான்.

"செத்துப்போன அந்தப் பொண்ணுக்கு இருபத்தேழு வயசு சார். நீங்க பாட்டுக்குத் தலையாட்டுறீங்க. நாளைக்கு அவ புருஷன் வந்து சட்டையப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"பிடிக்கமாட்டான்."

"ரொம்பத்தான் தைரியம்! அறிக்கையில உங்க பேரைத்தான் எழுதணும். வேலை போயிடும்."

"எழுதுங்க மேடம்."

அந்தப் பதில் அவளுக்கு எரிச்சலூட்டியது. "அப்படி யாருக்காகச் செஞ்சீங்க? பெரிய இடத்து சிபாரிசா?"

"இல்ல. ஒரு பேஷண்ட் கேட்டா. படம் விட்டு விட்டு வருது, பேசிட்டிருக்கும்போதே மூஞ்சி அப்படியே நின்னுடுதுன்னு."

"கேட்டாளாம், செஞ்சாராம். எந்தக் கட்டில்?"

"ஒம்பது."

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. பிறகு அவள் அந்தச் சாயங்காலத்துப் பதிவைத் தேடி எடுத்தாள். ஒன்பதாம் கட்டிலிலிருந்து ஒரே ஓர் அழைப்பு. ஐந்து மணிக்குத் தொடங்கி நாற்பது நிமிடம். மறுமுனை, அவர்கள் முன்னால் இருந்த இதே கணினி.

"படம் ஒரு தடவைகூட நிக்கல மேடம்," என்றான் அவன். "அசந்து தூங்குறாளேன்னு, கட் பண்ணாம பாத்துக்கிட்டே இருந்தேன்."