மாசிலாமணி விசை

தகட்டில் ஒரு முனை மட்டும் ஒட்டி, மறுமுனை முடிபோல் நிமிர்ந்து நிற்கும் பாலிமர் இழைகள். அப்படி இழை வளர்த்த இரண்டு தகடுகளை நெருக்கினால் ஒன்றையொன்று தள்ளும். ஆயுதபூஜைக்கு மறுநாள் அவை ஒட்டிக்கொண்டன. “புதிய விசை! மாசிலாமணி விசை!” என்று பேராசிரியர் மாசிலாமணி தன் பெயரையே சூட்டிவிட்டார்.

பூஜையில் கருவிக்குச் சந்தனம் வைத்தவள் ஆய்வு மாணவி இளவேனில். சந்தனம் தோய்ந்த விரல் தகட்டிலும் பட்டிருந்தது.

“சார், அது வந்து...”

“கட்டுரையில உன் பேரும் இருக்கும்மா, பயப்படாதே.”

அவளும் தலையாட்டிவிட்டாள். அதற்குப்பின் அந்த விரலால் சோறு பிசையவே கூசியது.

பாராட்டு விழாவில் வெளியூர் விஞ்ஞானி ஒருவர் எழுந்தார். “நாங்கள் எத்தனை முறை செய்தும் ஒட்டவில்லையே?”

“அதெல்லாம் கைப்பக்குவம் சார். இளவேனில், மேல வந்து சொல்லும்மா” என்றார் பேராசிரியர்.

அவள் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கம் கைதட்டியது.