வலது தோள்

“கிணத்தடியில வழுக்கி விழுந்தது எண்டு சொல்லு புள்ள. றக்பி கிக்பி எண்டு வாயைத் திறந்தியோ, இந்தக் கலியாணமும் போச்சு!”

நாகரெத்தினம் மகள் கலாஜினியின் சேலைத் தலைப்பை முதுகால் சுற்றி எடுத்து, வலது தோளை மூடி ஊசி குத்தினாள்.

வந்தாறுமூலைக் கம்பசில் படிக்கும்போது, பெண்கள் றக்பி விளையாடி உடைத்துக்கொண்ட காறை எலும்பு அது. உள்ளே ஒரு தகடு, ஆறு ஆணி. வெளியே விரல் நீளத்துக்குத் தழும்பு. நாட்டில் சண்டை முடிந்த இந்த இரண்டு வருசத்தில் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் பெரியகல்லாற்றுக்கு வந்தார்கள். தழும்பைக் கண்டார்கள், கதையைக் கேட்டார்கள், தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். ஆம்பிளை விளையாட்டு விளையாடின பொம்பிளையை எவன் கட்டுவான் என்று நாகரெத்தினம் தலையில் அடித்துக்கொண்டாள்.

போனால் போகட்டும் என்று இந்த முறை கலாஜினியால் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை சுபாகரன் அவளுடைய கந்தோரில் அடுத்த மேசையில் வேலை. அவளுக்கு அவனை நன்றாகப் பிடித்திருந்தது.

நாவற்குடாவிலிருந்து வந்தது அவனுடைய அக்கா தவமலர் மட்டும்தான். தாய் தகப்பனைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, “தங்கச்சியோட தனியக் கதைக்கோணும்” என்று அறைக்குள் கூட்டிப்போனாள்.

“தட்டை இடக் கையாலதான் தூக்கினீங்க. வலக் கைக்கு என்ன?”

கிணற்றடி தொண்டை வரைக்கும் வந்தது. கலாஜினி அதை விழுங்கிவிட்டு ஊசியைக் கழற்றினாள்.

“றக்பியில உடைஞ்சது அக்கா.”

தவமலர் சிரிக்கவில்லை. கிட்ட வந்து தழும்பைப் பார்த்தாள்.

“எதிர்ப்பக்கம் ஆரு?”

“ஆமிப் பொம்பிளையள்ட ரீம். அவங்கள்ல பிழையில்ல. நான்தான் தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் போய் இடிச்சன்.”

“நீங்க எத்தின பேர்?”

“பதினைஞ்சு. அவங்களும் பதினைஞ்சு.”

“சரிக்குச் சரியா?” தவமலரின் புருவம் உயர்ந்தது. “விழுந்த உடன ஆரு தூக்கினது?”

“எங்கட புள்ளையள் ரெண்டு பேர். மறுகா, என்னை இடிச்ச ஆமிப் புள்ளையும் ஓடிவந்து ஒரு பக்கம் புடிச்சவ.”

“அவளுமா?” தவமலர் ஒரு விரலால் தழும்பைத் தொட்டாள். “மழைக்குக் குத்துமா?”

“ஐயோ, மார்கழியில நித்திரையே இல்ல அக்கா.”

“வேப்பெண்ணெயச் சுடவச்சுப் பூசணும். அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கவும் கூடாது.”

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளாக இருக்கும் என்று கலாஜினி நினைத்துக்கொண்டாள்.

“முன்ன வந்தவங்களுக்கும் றக்பி எண்டா சொன்னீங்க?”

“ஓம்.”

“நம்பினவங்களா?”

“ஏன் நம்பாம? உண்மைதானே!”

தவமலர் முதன்முறையாகச் சிரித்தாள். கண் கலங்கும் அளவுக்குச் சிரித்தாள்.

“அதுகள் பயந்த சனம்கா, விடு. ஆரு கேட்டாலும் இதையே சொல்லு, மாத்தாத. வாற மாதமே நாள் பார்ப்பம்.”

கலாஜினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தோசத்தில் விளங்கவும் தேவைப்படவில்லை.

தவமலர் கதவைச் சாத்தினாள். தன் இடது தோளில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிச் சேலையை விலக்கினாள். துப்பாக்கிச் சன்னம் துளைத்து வெளியேறிய வட்டத் தழும்பு அங்கே பள்ளமாக இருந்தது.

“இப்பிடி ஒரு நல்ல பொய் எனக்குத் தோணாமப் போச்சே மச்சாள்! கடல் வந்த வருசத்தில இயக்கத்தை விட்டு வீட்ட வந்த நாள்ல இருந்து, நான் கிணத்தடியில வழுக்கி விழுந்தது எண்டுதானே சொல்லித் திரியிறன்.”