ஏழாவது அத்தியாயம்

நாலு தடவை கூப்பிட்டும் மகள் திரும்பவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த அப்பாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“காது செவிடா? பரீட்சையை வச்சுக்கிட்டு என்னத்தைக் கேக்குற?”

மகள் ஒரு காதை மட்டும் விடுவித்தாள். “கதைப்பா. ஒரு பொண்ணு கண்ணாடி வழியா இன்னொரு உலகத்துக்குப் போயிடுறா. அங்கேயும் இதே வீடு, இதே அம்மா. அப்பா மட்டும் வேற மாதிரி.”

“ஓ, இந்த அப்பா உனக்கு ஆகலையோ?” சமையலறைப் பக்கம் திரும்பினார். “எல்லாம் நீ கொடுக்குற இடம்.”

“ஏழாவது அத்தியாயத்தையே ஒரு வாரமா திருப்பித் திருப்பிக் கேக்குறா,” என்றாள் மனைவி, வெளியே வராமலே.

“அப்படி என்னதான் கொட்டிக் கிடக்கு அதுல?” ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார்.

“மார்க் குறைஞ்சா என்னடா கண்ணு? அப்பா இருக்கேன்ல. முதல்ல வந்து சாப்பிடு.”

அது அவருடைய குரல். போன வருடம் ஸ்டுடியோவில் ஏதோ ஒலிப்புத்தகத்துக்காக அவர் பேசியது. கையில் கொடுத்தது நாலே பக்கம். முழுக் கதையை அவர் கேட்டதில்லை.

“அது என் தொழில். எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன், அவ்வளவுதான்,” என்று கத்தினார்.

“தெரியும்ப்பா. ஒரே டேக்ல ஓகே ஆச்சுன்னு பெருமையாச் சொன்னீங்களே.” மகள் ஹெட்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “வீட்டுல எத்தனை டேக் வேணும்?”