ரோட்டுக்கு மேலே ஒரு ஒயர்

“எல்லா ஒயரையும் கழட்டிட்டேன் சார். அந்த ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்.”

அர்ஜுனன் இதையே சொல்வது இது மூன்றாவது நாள். பாலகுமாருக்குப் பொறுமை போய்விட்டது.

“இருந்துட்டுப் போகட்டும்னு விட, இது என்ன உங்க சொந்த மொட்டை மாடியா?”

அர்ஜுனன் கழட்டிய ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டார். பெங்களூர் மர்பி டவுனில் இருபத்திரண்டு வருஷமாகக் கேபிள் டிவி நடத்துகிறவர். ஒரு காலத்தில் நானூறு வீடு. ஜனங்கள் ஒவ்வொருவராக மொபைல் ஆப்புக்கு மாற மாற, இன்றைக்கு நாற்பது வீடு தேறினால் அதிகம். இந்த அபார்ட்மெண்டில் கடைசியாக இருந்த நோரா டீச்சரும் போன மாசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பாலகுமாருக்கு வேலையே ஒரு ஸ்ட்ரீமிங் கம்பெனியில்தான். கேபிள் பார்க்கிறவர்களை ஆப் பக்கம் இழுப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அர்ஜுனனின் பிழைப்பில் மண்ணைப் போட்டவர்களில் அவனும் ஒருவன். மனிதர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

இப்போது ஓர் இன்டர்நெட் கம்பெனி அவருக்கு வேலை தர முன்வந்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. கஸ்டமர் இல்லாத பழைய ஒயர் எதுவும் தொங்கவில்லை என்று ஒவ்வொரு கட்டிடத்திலும் ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். நாளையோடு கெடு முடிகிறது. மற்ற கட்டிடங்களில் எல்லாம் ஆகிவிட்டது. பாக்கி இந்தக் கட்டிடம்தான். இங்கே அசோசியேஷன் செக்ரட்டரி பாலகுமார்.

“வேலை வேணுமா, இந்த ஒயர் வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க.”

அர்ஜுனன் தலையைச் சொறிந்தார். “வேலை போனா... ஏதோ பாத்துக்கறேன் சார்.”

ஐம்பத்திநாலு வயசில் வந்த வேலையை விட்டுவிட்டு ஒரு செத்த ஒயரைக் கட்டிக்கொண்டு அழுகிறவனை யார்தான் நம்புவார்கள்? கீழ் வீட்டு சேஷகிரி அன்று காலையில்தான் ஓதியிருந்தார். “வேற எவனுக்கோ உள்வாடகைக்கு விட்டிருப்பான் ஸ்வாமி. விடாதீங்க.”

பாலகுமார் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தான். “நானே வெட்டிடறேன்.”

அர்ஜுனன் வாட்சைப் பார்த்தார். “மணி ஆறே முக்கால் சார். ஒரு பத்து நிமிஷம் இருங்க. அப்புறம் வெட்டறதுன்னா வெட்டுங்க, நான் தடுக்கல.”

ஒயர், எதிரே மிலிட்டரி காம்பவுண்டில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து கிளம்பி, ரோட்டைத் தாண்டி, மாடிக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்து மாமரத்துக்குப் போனது. இந்த ஊர்க் கேபிள்காரர்களுக்கு எந்த மரமும் கம்பம்தான். கீழே ஆபீஸ் விட்டு வரும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நகர முடியாமல் நின்றன.

ஒயர் லேசாக ஆடியது.

மரத்து இருட்டிலிருந்து இரண்டு பெரிய கண்கள் வெளியே வந்தன. பின்னாலேயே ஒரு கைப்பிடி உடம்பு, குச்சிக் கை, குச்சிக் கால். ஒரு கையை எடுத்து வைத்து, இறுக்கிப் பிடித்து, அப்புறம்தான் அடுத்த கை. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. கீழே தண்ணீர் லாரி அலறியது. அது நின்றது, யோசித்தது, மறுபடி நடந்தது.

“என்னங்க இது?” பாலகுமார் கிசுகிசுத்தான்.

“கன்னடத்துல காடுபாப்பா. நம்ம தேவாங்கு சார்.”

தேவாங்கு! சின்ன வயசில் நாமக்கல்லில், “தேவாங்கு மாதிரி முழிக்காதடா” என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதோடு சரி. ஒருநாளும் பார்த்ததில்லை. இப்படி ஒரு முழியையா திட்டுவதற்கு வைத்திருக்கிறோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“பகல்ல அந்த மரத்துல தூங்கும். இருட்டினா பூச்சி பிடிக்க இந்தப் பக்கம் வந்துட்டு, விடியறதுக்குள்ள திரும்பிடும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒண்ணு கரண்ட் கம்பியில கால் வச்சிடுச்சு. என் கையாலதான் எடுத்துப் புதைச்சேன். இதுல மேல ரப்பர் இருக்கு, ஷாக் அடிக்காது.”

“முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நாலு பேர் பாக்க வருவாங்க சார். அஞ்சாவதா ஒருத்தன் பிடிக்க வருவான்.”

வீடியோ எடுக்க வெளியே வந்த போனை பாலகுமார் சத்தமில்லாமல் பைக்குள் போட்டான்.

ரோட்டைத் தாண்ட அதற்கு எட்டு நிமிஷம் ஆனது. எட்டு நொடிக்கு மேல் ஜனங்கள் ஒரு காட்சியில் நிற்க மாட்டார்கள் என்று ஆபீஸில் கிளாஸ் எடுக்கிறவன், எட்டு நிமிஷமும் கண்ணை எடுக்கவில்லை. குட்டியோடு அது மாமரத்துக்குள் மறைந்த பிறகும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்பேர்ப்பட்ட அதிசயம் தினமும் தன் தலைக்கு மேலே நடந்திருக்கிறது!

அர்ஜுனன் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்தார். “எனக்காகப் பொய்க் கையெழுத்தெல்லாம் போட வேணாம் சார். உங்க பேர் கெட்டுடும். நான் வரேன்.”

“அர்ஜுனண்ணா, அந்த ஃபாரத்தை இப்படிக் கொடுங்க.”

வாங்கி, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்தான். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“சார், கஸ்டமர் இல்லாத ஒயர் இருக்கக் கூடாதுன்னு...”

“இல்லைங்கண்ணா. நாளைக்கு காலைல வந்து, இந்த ஒயர்லருந்து எங்க வீட்டுக்கு ஒரு கேபிள் கனெக்‌ஷன் இழுத்துக் கொடுத்துடுங்க.”