சனிக்கிழமைப் பொட்டலம்

வேலாயுதம் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, திடலின் ஸ்கோர்போர்டுக்குப் பின்னால் பதுங்கினார். மடித்து வைத்திருந்த நோட்டை எடுத்து, அங்கே கூடையோடு உட்கார்ந்திருந்த வீரம்மாவிடம் நீட்டினார்.

"சீக்கிரம் கொடுங்க அக்கா. யாராச்சும் பார்த்துறப் போறாங்க."

"ஏன் தம்பி இப்படிப் பயந்து சாவுறீங்க? கஞ்சாவா விக்கிறேன்? நாசி லெமாக், தேங்காப்பால் சோத்துப் பொட்டலம்தானே லா!"

"எங்க வீட்டுல அதைவிட இது மோசம் அக்கா."

மோசம்தான். கடைச் சாப்பாடு கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவரே வேலாயுதம்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருக்கும் அவருக்கு மூன்று பிள்ளைகள். மகள் ரமணிக்கு ஹாக்கி, பையன்கள் இருவருக்கும் காற்பந்து. சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் ஆட்டம். ஆட்டம் முடிந்தால் கடையில் ஆளுக்கு ஒரு தட்டு மீ நூடுல்ஸ், ஆளுக்கு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங். கிளார்க் சம்பளம் எத்தனை வயிற்றைத் தாங்கும்?

லீக் தொடங்கிய வாரமே மேசையைத் தட்டி அறிவித்துவிட்டார்.

"சீசன் முடியிற வரைக்கும் கடைச் சாப்பாடு கட்! தேங்கா விக்கிற விலைக்கு வீட்டுலயும் தேங்காப்பால் கிடையாது. சனிக்கிழமைன்னா ரொட்டியும் சார்டினும்தான். மிச்சம் புடிக்கிற காசு மைலோ டின்னுக்குள்ள போகும். ஃபைனலுக்கு ரமணிக்குப் புது ஸ்டிக்!"

ரமணியின் பழைய ஸ்டிக்கில் கட்டையைவிடக் கட்டுதான் அதிகம். இன்னொரு அடி அடித்தால் பந்துக்கு முன்னால் ஸ்டிக் கோலுக்குள் போய்விடும் என்று கோச் சொன்னாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் வீட்டில் வந்து சொன்னாள். வேலாயுதத்தால்தான் சிரிக்க முடியவில்லை.

மனைவி தங்கமணி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிங்க" என்றாள். சனிக்கிழமை தோறும் காய்ந்த ரொட்டியில் சார்டினைத் தடவிக் கொடுத்தனுப்பினாள்.

இரண்டு வாரம் வேலாயுதம் வைராக்கியமாகத்தான் இருந்தார். மூன்றாவது வாரம் ஸ்கோர்போர்டுக்குப் பின்னாலிருந்து மிளகாய்ச் சம்பல் வாசனை வந்தது. அன்றைக்கு ஒரு பொட்டலம். அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்து மூன்றாகி, மூன்றிலேயே நின்றுவிட்டது. கைச்செலவுக் காசு பற்றாமல் மைலோ டின்னிலும் கை வைத்தார். சம்பளம் வந்ததும் போட்டுவிடலாம் என்று ஒவ்வொரு சம்பளத்துக்கும் நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்றும் சுவரோரமாகக் குந்தி முதல் பொட்டலத்தைப் பிரித்தார். சுற்றியிருந்த பேப்பரில் அந்த வார ஆட்டங்களின் பட்டியல். அதில் பெண்கள் ஹாக்கி ஒன்றையும் பையன்கள் காற்பந்து இரண்டையும் சுற்றி யாரோ நீலப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். 'பாவம், எவனோ ஒரு தகப்பன் நம்மைப் போலவே மூணு ஆட்டத்துக்கு நாயா அலையறான்' என்று அவனுக்காக இரக்கப்பட்டு, அந்தப் பேப்பரிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, என்னா சம்பல், என்னா சம்பல்! எங்க வீட்டம்மாவை ஒரு நாள் அனுப்புறேன், கத்துக் கொடுங்க. பாவம், அவளுக்கு சார்டின் தடவத்தான் தெரியும்."

"கண்டிப்பா சொல்லிடறேன் தம்பி" என்றாள் வீரம்மா.

ஃபைனல் நாளும் வந்தது. சனிக்கிழமை காலையில் அரை நாள் ஆபீசுக்குப் போய்விடுகிறவர் அன்று லீவு போட்டிருந்தார். விடிந்ததும் விடியாததுமாக ரமணி மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அப்பா, திறக்கலாமா? கடைக்குப் போயிட்டு நேரா திடலுக்குப் போயிரலாம்."

ஆட்டிப் பார்த்தாள். உள்ளே இரண்டு சில்லறை மட்டும் உருண்டது. பிள்ளையின் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல் வேலாயுதம் நேராகச் சமையலறைக்கு ஓடினார்.

"தங்கம், நான் ஒரு பாவி! பிள்ளையோட ஸ்டிக்கைத் தின்னுட்டேன்! அந்த வீரம்மா நாசி லெமாக்... வாரா வாரம் மூணு பொட்டலம்... டின்னுல கை வெச்சிட்டேன் தங்கம்!"

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, தங்கமணி அலமாரிக்குப் பின்னாலிருந்து பளபளவென்று ஒரு புது ஸ்டிக்கை எடுத்து ரமணியின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரமணி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஏது காசு?" என்றார் வேலாயுதம்.

"முக்கால்வாசி அந்த டின்னுல இருந்ததுதாங்க. வீரம்மாக்கா கைக்குப் போயிட்டு, திரும்ப என் கைக்கே வந்துருச்சி."

அவருக்குப் புரியவில்லை. அப்போதுதான் அடுப்பிலிருந்து தேங்காய்ப்பால் வாசனை மூக்கில் ஏறியது. தங்கமணி மேசையில் நேற்றைய பேப்பரை விரித்தாள். அதில் ரமணியின் ஃபைனலைச் சுற்றி அவரே போட்ட நீலப் பென்சில் வட்டம். அதன் மேல் வாழையிலையை வைத்து, ஆவி பறக்கும் சோற்றைக் கரண்டியில் அள்ளிக்கொண்டு கேட்டாள்.

"வழக்கம்போல மூணா, இல்ல ஃபைனலுக்கு நாலா?"