ஸ்பீக்கருக்குத் தொண்டை கட்டிய நாள்

பள்ளிக்கூட வராந்தாவில் தொங்கிய ஸ்பீக்கருக்கு மூன்று வருஷமாக ஒரே புலம்பல். "காலையில நான் சாமி பாட்டுப் பாடினவரைக்கும் பசங்க ஒழுங்கா இருந்தாங்க. அதை நிறுத்தினாங்க, எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவராப் போச்சு" என்று போகிற வருகிற அணிலிடமெல்லாம் சொல்லும்.

அன்று பத்தாம் வகுப்பில் பெரிய அடிதடி. கால் முறிந்த பெஞ்சு ஒன்றைத் தூக்கிவந்து ஸ்பீக்கருக்குக் கீழே போட்டார்கள்.

"பார்த்தியா? நான் சொன்னேனே!" என்றது ஸ்பீக்கர்.

"என் முதுகைப் பாருங்கண்ணே" என்றது பெஞ்சு. "இந்தக் காம்பஸ் கீறலெல்லாம் நீங்க பாடின காலத்து வேலை. லேட்டா வந்த பசங்க வகுப்புல ஒளிஞ்சுக்கிட்டு, நீங்க பாடி முடிக்கிறதுக்குள்ள என்னைக் கீறித் தள்ளிருவாங்க."

ஸ்பீக்கருக்குச் சுருக்கென்றது. "கீறல் இருக்கட்டும். அப்ப உன் கால் முறிஞ்சுதா?"

"இல்லண்ணே, அது நிஜம்."

"பாட்டு இருந்தா இன்னைக்கும் முறிஞ்சிருக்காது."

"அங்கதாண்ணே எனக்கும் குழப்பம். நாளையிலேருந்து மறுபடியும் பாட்டு உண்டாம். எந்தச் சாமி பாட்டை முதல்ல போடுறதுன்னுதான் அடிச்சுக்கிட்டாங்க."

ஸ்பீக்கர் கணக்குப் போட்டுப் பார்த்தது. பாட்டு இல்லாததால் வந்த சண்டையா, பாட்டால் வந்த சண்டையா? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டியது.

மறுநாள் காலை பிள்ளைகள் வரிசையில் நின்று கண்ணை மூடினார்கள். மூன்று வருஷம் காத்திருந்த ஸ்பீக்கர் வாயைத் திறந்தது. கொர்ர்ர் என்ற சத்தம்தான் வந்தது.

அது எந்தச் சாமியின் பாட்டென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அன்று ஒரு பெஞ்சும் உடையவில்லை.